இரட்டைக் கருவும் இரத்தப் பரிசோதனையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய ஒன்றியப் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு, வரி வசூல் ஆகியவை பற்றிப் பேசுவதற்கே வட்டார வளர்ச்சி அலுவலர் மேடை ஏறுவது வழக்கம். இன்று கருவுற்ற தாய்மாரின் இரத்தப் பரிசோதனையைப் பற்றி, அதிலும் இரட்டைக் கருவைச் சுமக்கும் தாய்மாரைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். நாம் மருத்துவர் அல்லோம். கல்லூரியில் பயின்ற பாடமும் இதுவன்று. ஆயினும் நம் அலுவலகத்து வாயிலுக்கே வந்துவிட்ட ஒரு விஷயத்தை நமக்கு உரியதன்று என்று ஒதுக்கிவிட இயலவில்லை.

வந்த விதத்தைச் சொல்லுகிறோம். ஊரும் பெயரும் சொல்லலாகாது. தென் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்த ஓர் இளந்தம்பதியர், நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் லைன் வீட்டில் குடியிருந்தனர். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, மனைவி ஓவர்லாக் டைலர். அந்தப் பெண்ணுக்கு வயது 26. கருவுற்றுப் பன்னிரண்டாம் வாரத்தில், யாரோ சொன்னார்கள் என்று தனியார் இடமொன்றில் இரத்தம் கொடுத்தார்கள். டபுள் மார்க்கர் என்று பெயர் கொண்ட பரிசோதனை. நான்காம் நாள் வந்த தாளில் ‘அபாயம் மிகுதி’ என்று சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. இதற்கிடையே எடுத்த ஸ்கேனில் கரு இரண்டு என்று தெரிந்தது. குழந்தைகள் மூளை வளர்ச்சியின்றிப் பிறக்கும் என்று ஒருவர் சொல்ல, கலைத்துவிடுவதே நல்லது என்று மற்றொருவர் சொல்ல, மூன்று நாட்கள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் ஒரு விவசாயி, முன்னாள் வார்டு உறுப்பினர். “ஐயா, இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது வழி செய்ய வேண்டும்” என்று அவர்களை நம்மிடம் அழைத்து வந்தார். நமக்கோ ஒன்றும் தெரியாது. வட்டார மருத்துவ அலுவலரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் வரவழைத்துத் தாளைக் காட்டினோம். செவிலியர்தாம் முதலில் கண்டுபிடித்தார். இரத்தம் எடுத்த படிவத்தில் கருவின் எண்ணிக்கை என்னும் இடத்தில் ‘ஒன்று’ என்று எழுதப்பட்டிருந்தது!

அந்தப் பரிசோதனை, நஞ்சு சுரக்கும் இரண்டு பொருள்களைத் தாயின் இரத்தத்தில் அளந்து பார்ப்பது. கரு இரண்டாக இருக்கும்போது அவை இயல்பாகவே ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும். ஒற்றைக் கரு என்று எண்ணிக் கணக்கிட்டால் விடை பிசகுவது உறுதி. ஓர் ஏக்கர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு ஏக்கர் விளைச்சலைக் களத்தில் கொட்டினால், பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஸ்கேன் தாளையும் சேர்த்து அனுப்பி மீண்டும் கணக்கிடச் செய்தபோது அபாயம் குறைவு என்று வந்தது. மாதங்கள் கழித்து அரசு மருத்துவமனையில் இரண்டு ஆண் குழந்தைகள் நலமாகப் பிறந்தன. ஒரு சொல்லை மாற்றி எழுதியதால் அந்த இரண்டு உயிரும் போயிருக்கக் கூடும் என்பதை நினைக்கும்தோறும் நமக்கு உறக்கம் வருவதில்லை. அதனாலேயே இன்று இதைப் பேசுகிறோம்.

இனி, இந்தப் பரிசோதனைகள் எதைத் தேடுகின்றன என்று பார்ப்போம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் 46 உள்ளன. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. இந்த எண்ணிக்கையே 1956-ஆம் ஆண்டில்தான் திட்டமாகக் கண்டறியப்பட்டது. சில கருக்களில் 21-ஆவது இழை இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைந்துவிடுகிறது. அதுவே டவுன் நோய்க்குறி. 1866-இல் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் இதன் தோற்றத்தை விவரித்தார். காரணம் மிகுதியான ஓர் இழையே என்பது 1959-இல் பாரிஸ் நகரில் வெளியாயிற்று. 18-ஆவது இழையோ 13-ஆவது இழையோ மூன்றாக அமைவதும் உண்டு. அவை மிகக் கடுமையானவை. அவ்வாறு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை ஓராண்டைக் கடப்பதில்லை.

இதற்குத் தாய் செய்த தவறு ஏதுமில்லை. கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, கம்பெனியில் நின்று வேலை செய்ததாலோ, யார் கண்ணும் பட்டதாலோ இது வருவதில்லை. முட்டை உருவாகும்போது இழைகள் பிரிவதில் நேரும் பிசகே பெரும்பாலும் காரணம். தாயின் வயது ஏற ஏற இப்பிசகு மிகுகிறது. 20 வயதில் ஏறத்தாழ 1,500 பிறப்புக்கு ஒன்று என்றால் 35 வயதில் 350-க்கு ஒன்று, 40 வயதில் 100-க்கு ஒன்று என்பது மருத்துவர்கள் தரும் கணக்கு. ஆயினும் இளம் வயதில் பிள்ளை பெறுவோரே மிகுதியாதலால், இக்குழந்தைகளில் பலர் இளந்தாய்மாருக்கே பிறக்கின்றனர். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம் பக்கத்து வழக்கம். அதனால் வேறு சில பரம்பரை நோய்கள் மிகும் என்பது மெய். டவுன் நோய்க்குறிக்கு அது காரணம் ஆகாது. பிள்ளைகளின் குறை எதுவாயினும் பெண் வீட்டு இரத்தத்தின் மேல் பழி போடும் வழக்கத்தை நம் ஊர்களில் விட்டொழிக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு பரிசோதனை பரவி வருகிறது. தாயின் கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்தால் போதும். ஊசி கருப்பையைத் தொடுவதில்லை. இதற்கு அடிப்படையானதை 1997-இல் டென்னிஸ் லோ என்னும் ஹாங்காங் விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியோரும் கண்டனர். தாயின் இரத்தத்தில், நஞ்சிலிருந்து உதிரும் மரபணுத் துணுக்குகள் கலந்து ஓடுகின்றன என்பதே அது. பத்தாம் வாரத்திற்குப் பின் தாயின் இரத்தத்தில் மிதக்கும் துணுக்குகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு வந்தவை. அவற்றை எண்ணிப் பார்த்து, 21-ஆவது இழையின் துணுக்குகள் அளவுக்கு மேல் உள்ளனவா என்று கணக்கிடுகிறார்கள். 2011 முதல் இது மருத்துவத்தில் நடைமுறைக்கு வந்தது. டவுன் நோய்க்குறி உள்ள கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை இது காட்டிவிடுகிறது. இரட்டைக் கருவிலும் டவுன் நோய்க்குறியைப் பொறுத்தவரை ஏறத்தாழ அதே திறம் உண்டு என்று ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. மற்ற இரண்டைப் பற்றி இரட்டைக் கருவில் கிடைத்துள்ள அனுபவம் குறைவு.

இரட்டையில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். இரண்டு வயல்களின் வடிகால் ஒரே வாய்க்காலில் வந்து சேருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வாய்க்கால் தண்ணீரைச் சோதித்து உவர் இருக்கிறது என்று சொல்லலாம். எந்த வயலின் உவர் என்று சொல்ல முடியாது. இந்த இரத்தப் பரிசோதனையும் அப்படியே. இரண்டு முட்டைகளிலிருந்து உருவான இரட்டையராயின், அநேகமாக ஒன்றுக்கே குறை இருக்கும்; மற்றது நலமாயிருக்கும். எதற்கு என்பதை இரத்தம் சொல்லாது. அன்றியும் இரண்டு நஞ்சுகளும் சமமாகத் துணுக்குகளை உதிர்ப்பதில்லை. குறையுள்ள கருவின் பங்கு மிகச் சிறிதாயிருந்தால் அது மறைந்து போவதும் உண்டு. இதனால் ‘முடிவு சொல்ல இயலவில்லை, மீண்டும் இரத்தம் கொடுங்கள்’ என்னும் பதில் இரட்டைக் கருவில் அதிகம் வருகிறது. இவ்வாறு பதில் வந்தால் ஏதோ கேடு என்று அஞ்ச வேண்டுவதில்லை.

வேறொரு விந்தையும் உண்டு. தொடக்கத்தில் இரண்டாக இருந்த கருக்களில் ஒன்று தானே வளராமல் கரைந்துவிடும். தாய்க்கே தெரியாமல் போவதும் உண்டு. கரைந்த கருவின் துணுக்குகள் சில வாரங்கள் வரை இரத்தத்தில் தங்கி, நலமாயிருக்கும் குழந்தையின் மேல் வீண் சந்தேகத்தை எழுப்பிவிடும். ஆகவே முதலில் ஸ்கேன், பிறகே இரத்தம் என்னும் வரிசை மாறலாகாது.

இங்கே நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம். இந்தப் புதிய பரிசோதனை, ஒரு தையல் தொழிலாளியின் ஒரு மாதக் கூலியை விழுங்கிவிடக் கூடியது. இரட்டைக் கரு என்றவுடன் கடன் வாங்கி இதைச் செய்ய ஓடுவோரைக் காண்கிறோம். அதைவிட முக்கியமானது 11-ஆம் வாரம் முதல் 14-ஆம் வாரம் தொடங்குவதற்குள் செய்யும் ஸ்கேன். கருவின் பிடரியில் உள்ள நீரின் அளவை ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே அதில் பார்க்கலாம். அதனினும் மேலாக, இரண்டு குழந்தைகளுக்கும் நஞ்சு ஒன்றா, இரண்டா என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். பின்னாளில் தெரிவது அரிது. நஞ்சு ஒன்றே என்றால் அவ்விரண்டும் ஒரே முட்டையிலிருந்து பிரிந்தவை. அத்தகைய இரட்டையரில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை, ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குப் பாய்ந்து இரண்டுமே ஆபத்துக்குள்ளாகும். ஒரே மடையிலிருந்து பிரியும் இரண்டு வாய்க்கால்களில் ஒன்று வறண்டு, மற்றது கரை உடைவதைப் போல. இதற்காகவே 16-ஆம் வாரம் முதல் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்கின்றனர். இழைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் இதைக் கவனியாமல் குழந்தைகளை இழந்தவர்கள் உண்டு.

அடுத்தது, இது சலித்தெடுக்கும் பரிசோதனையே ஆகும், தீர்ப்பு அன்று. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் ஊருக்குக் கொண்டு போனாலும் நமக்குப் போதும். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவினர் சந்தேகப்பட்ட துணியில் ஒட்டுக் காகிதம் ஒட்டுகிறார்கள். ஒட்டியவை எல்லாம் கழிவுத் துணி ஆவதில்லை. மீண்டும் எடுத்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பழைய முறையான டபுள் மார்க்கரும் பிடரி ஸ்கேனும் சேர்ந்து நூறு தாய்மாரில் ஏறத்தாழ ஐவரைச் சந்தேகத்தில் நிறுத்தும். அவர்களில் பெரும்பாலோர் நலமான குழந்தையையே பெறுவர்.

புதிய பரிசோதனை மிகத் துல்லியமானது என்றோமே, அதில் வரும் பதிலையாவது நம்பலாமா? கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேருக்கு ஒருவர் வீதம் குறையுள்ள கரு இருக்கும் இளந்தாய்மார் 10,000 பேர் என்று கொள்வோம். உண்மையாகக் குறையுள்ளவை பத்து. அவை அனைத்தையும் பரிசோதனை காட்டிவிடுகிறது. நலமாக இருப்போரில் ஆயிரத்துக்கு ஒருவரைத் தவறாகக் காட்டினாலும் அதுவும் பத்து ஆகிவிடும். இருபது தாள்களில் பத்து மெய், பத்து பொய்! நாற்பது வயதுத் தாய்மாராயின் உண்மையான குறை நூறு, பொய் பத்து. அங்கே பத்துத் தாளில் ஒன்பது மெய். ஒரே பரிசோதனை, ஒரே தாள். தாயின் வயதைக் கொண்டே அதன் எடை மாறுகிறது. ‘குறைவு’ என்று வந்தால் ஏறத்தாழ நிம்மதி கொள்ளலாம். ‘மிகுதி’ என்று வந்தால் உறுதிப் பரிசோதனை செய்யாமல் எம்முடிவும் எடுக்கலாகாது.

உறுதிப் பரிசோதனை என்பது 15-ஆம் வாரத்திற்குப் பின் ஸ்கேன் பார்த்தவாறே மெல்லிய ஊசியால் பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பது. இரட்டையில் இரண்டு பனிக்குடத்திலிருந்தும் தனித்தனியே எடுப்பர். எந்தக் குழந்தைக்கு என்ன என்று அப்போதுதான் தெரியும். இதனால் கரு கலையும் அபாயம் சிறிது உண்டு. இரட்டையில் ஒற்றையைக் காட்டிலும் சற்று அதிகம். பழகிய கைகள் உள்ள பெரிய மருத்துவமனையிலேயே செய்து கொள்ள வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஊராட்சியினர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 1994-இல் இயற்றப்பட்டு 2003-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி இத்தகைய பரிசோதனைகளைப் பதிவு பெற்ற இடங்களில் மட்டுமே செய்யலாம். பயனும் அபாயமும் அந்தப் பெண்ணுக்கு அவள் அறிந்த மொழியில் விளக்கப்பட வேண்டும். எழுத்து மூலமான சம்மதம் பெற்று அதன் நகலை அவளிடமே தர வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஊர்களில் குடியிருக்கும் பெண்களுக்குத் தமிழில் விளக்கினால் அது விளக்கியதாகாது.

இந்த இரத்தத்தில் ஆணா பெண்ணா என்பதும் தெரியக் கூடியதே. அதைச் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. கணவரோ உறவினரோ கேட்பதும் தூண்டுவதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெண்ணைக் கட்டாயப்படுத்தியவர்கள் அவளுடைய கணவரும் உறவினரும்தாம் என்றே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, நீதிமன்றம் கொள்ளும். ஒரு கிராம சபை முடிந்து நாம் வண்டி ஏறும்போது, நல்ல தோப்பும் காரும் உடைய ஒருவர் அருகே வந்து, “இரட்டையிலாவது ஒன்று பையனா என்று தெரிந்து கொள்ள வழி இருக்கிறதாமே” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சட்டத்தைச் சொன்னோம். அவர் அதற்குப் பின் நம்மோடு பேசுவதில்லை! பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தனர்.

கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தும் வேண்டும். கடுமையான குறை என்று மருத்துவக் குழு கண்டால் அதன் பின்னும் இடமுண்டு. வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே சட்டம் கேட்பது. அவள் வேண்டாம் என்றால் யாரும் கலைக்கச் செய்ய முடியாது. அவள் முடிவெடுத்தபின் ஊரார் அவளைத் தூற்றுவதும் தகாது. இரட்டையில் ஒன்றுக்கே குறை இருக்கும்போது முடிவெடுப்பது இன்னும் கடினம். நஞ்சு ஒன்றாக இருந்தால் ஒன்றைத் தொடுவது மற்றதையும் பாதிக்கும். அம்முடிவு தாயும் கைதேர்ந்த மருத்துவரும் கூடி எடுக்க வேண்டியது. திண்ணையில் எடுக்கும் முடிவன்று.

இரண்டாவது குடும்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளையின்றி, சிகிச்சை பெற்று, மனைவி தம் 38-ஆம் வயதில் இரட்டைக் கரு தரித்தார். இரத்தப் பரிசோதனை டவுன் நோய்க்குறியைக் காட்டிற்று. பனிக்குட நீரும் அதை உறுதி செய்தது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும். உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த அம்மையார் இரண்டையும் பெறுவது என்று முடிவு செய்தார். இதயத்தில் குறை இருக்கிறதா என்று பிறக்கும் முன்னரே பார்க்கப்பட்டது, ஏனெனில் இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருக்கும். பிறந்ததும் எந்த மருத்துவர் பார்ப்பார், எங்கே சேர்ப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாயிற்று. பரிசோதனையின் பயன் இதுவும்தான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கலைப்பதற்கு மட்டுமே அது என்று நினைக்கிறார்கள்.

இத்தகைய குழந்தைகளுக்கு மாவட்டத்தில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நன்மை. மாற்றுத் திறனாளி அடையாள அட்டை பெற்றால் மாநில அரசின் பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா என்னும் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். இவற்றுக்குச் சான்றும் விண்ணப்பமும் சேர்த்துக் கொடுக்க அந்த விவசாயி எட்டு முறை அலைந்தார் என்று அறிந்து வெட்கப்பட்டோம். அதில் இரண்டு முறை நம் அலுவலகத்திற்கே.

ஊராட்சி செய்யக் கூடியது என்ன? பணம் வேண்டுவதில்லை. உங்கள் வார்டில் கருவுற்ற பெண் யாராயினும், லைன் வீட்டிலோ கம்பெனி விடுதியிலோ இருந்தாலும், பத்து வாரத்திற்குள் செவிலியரிடம் பெயர் பதிந்து பிக்மி எண் பெறச் செய்யுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்றோருக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு மற்ற நாளில் அரை ஷிப்ட் போனாலும் கூலி குறையும். கம்பெனிக்காரர்களில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள். படிவத்தில் வயது, எடை, வாரம், கரு எத்தனை, சிகிச்சையால் தரித்ததா என்பவை சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று படித்தவர் ஒருவர் பார்த்துக் கொடுக்கலாம். ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ வளைகாப்பு முடிந்து தேனிக்கோ சிவகங்கைக்கோ தாய் வீடு செல்லும் பெண், தன் பன்னிரண்டாம் வாரத்து ஸ்கேன் தாளைத் தாய் சேய் நல அட்டையோடு வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். நஞ்சு ஒன்றா இரண்டா என்பது அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. அது இங்கே லைன் வீட்டு அலமாரியில் கிடந்தால் அங்குள்ள மருத்துவர் என்ன செய்வார்?

சென்ற மாதம் குடிநீர்க் குழாய்ப் பணியைப் பார்வையிடச் சென்றபோது அந்தத் தென்னந்தோப்பு வீட்டிற்கும் போனோம். பையன் ஒன்றேகால் வயதிலேயே நடந்துவிட்டானாம். பெண் குழந்தைக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக் கொண்டு நின்றாள். அவள் விட்டுவிட்ட கையைப் பையன் இழுக்க, இருவரும் விழுந்து சிரித்தார்கள். தந்தை இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, “பள்ளிக்கூடத்தில் இவளையும் சேர்த்துக் கொள்வார்களா?” என்று கேட்டார். சேர்த்துக் கொள்ளச் சட்டம் இருக்கிறது என்றோம். தலைமையாசிரியரிடம் இப்போதே பேசி வைக்கும்படி அவ்வூர் ஊராட்சிச் செயலரிடமும் சொல்லியிருக்கிறோம்.

வட்டார மருத்துவ அலுவலரும் செவிலியர்களும் இங்கேயே இருக்கிறார்கள். சந்தேகங்களை அவர்களிடம் கேளுங்கள். கூச்சமாயிருந்தால் உணவு இடைவேளையில் தனியாகக் கேட்கலாம்.